சத்திரத்துப் பலகை

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் திருத்தணி பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. கண்டக்டர் படியோரம் நின்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் குரல் கொடுத்தார். "வேலப்பன்சாவடி எறங்கு!" கொஞ்சம் பொறுத்து, "குமணன்சாவடி!" அதற்கடுத்து, "கரையான்சாவடி, கரையான்சாவடி!" சின்ன வயதிலிருந்து காதில் விழுந்து பழகிய பெயர்கள். அன்றைக்கு என் மடியில் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. பெங்களூரில் குடியேறிவிட்ட பெரியப்பா வீட்டுப் பேத்திக்கு முகூர்த்தம். கல்யாணம் நடக்கும் இடத்தின் பெயர் ஆங்கிலத்தில், 'சவுல்ட்ரி' என்று முடிந்தது.

கண்டக்டர் கூவியதும் பத்திரிகையில் அச்சடித்திருந்ததும் ஒரே சொல்தான். நம் பக்கத்துச் சாவடி வெள்ளைக்காரர்கள் வாயில் விழுந்து சவுல்ட்ரி ஆனது. ஆங்கிலத்தில் நான் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்த பெரிய சொல்லும் அதுதான். திருத்தணியில் மலையடிவாரத்தில் எங்கள் தாத்தா கணக்கு எழுதிக்கொண்டிருந்த சத்திரத்தின் வாசலில், தகரப் பலகையில் அது இருந்தது.

அந்தச் சத்திரம் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. தெருப்பக்கம் இரண்டு திண்ணை, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கல்தூண் தாழ்வாரம், பின்கட்டில் சமையலறையும் கிணறும். சமையலறையில் ஆள் நீளத்துக்குக் கோட்டையடுப்பு. ஆடிக் கிருத்திகை நெருங்கும்போது பரணிலிருந்து அண்டாக்களை இறக்கிப் புளி போட்டுத் துலக்குவார்கள். முற்றத்து வெயிலில் அவை வரிசையாகக் கவிழ்ந்து காய்வதைப் பார்த்தால் திருவிழா வந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே காவடிகள் வரத் தொடங்கும். புத்தூர், நகரி, சித்தூர், பலமனேர் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுகிறவர்கள். சோளிங்கர், ஆரணி, குடியாத்தத்திலிருந்து தமிழ் பேசுகிறவர்கள். மஞ்சள் வேட்டி, புழுதி படிந்த கால், தோளில் பூக்காவடி. பம்பைச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே எங்கள் அவ்வா (பாட்டி) மோர்ப்பானையைத் திண்ணைக்குக் கொண்டுவந்து வைத்துவிடுவார். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட நீர்மோர். முதலில் மோர், பிறகுதான் பேச்சு. குடித்து முடித்தவரிடம் "மீதி ஏ ஊரு நாயனா?" என்று கேட்பார். பதில் தமிழில் வந்தால் அவ்வாவும் அடுத்த வாக்கியத்தைத் தமிழில் தொடருவார். ஊரைத் தவிர வேறு எதையும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

தாத்தா திண்ணைக்கு உள்பக்கம் சாய்வுமேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் நீளவாக்கில் தைத்த ஒரு பேரேடு. எந்தத் தேதி வந்தார்கள், குடும்பத் தலைவர் பெயர், ஊர், எத்தனை பேர், எந்தத் தேதி போனார்கள் என்று ஐந்து பத்தி. தெலுங்கு பேசி வந்தவர் பெயரைத் தெலுங்கில் எழுதுவார், தமிழ் பேசி வந்தவர் பெயரைத் தமிழில் எழுதுவார். ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்தும் மாறி மாறி வரும். ரூபாய்க்கென்று பத்தி கிடையாது. மூன்று நாள் தங்கலாம், சமைத்துக்கொள்ளலாம், பாத்திரமும் விறகும் சத்திரத்தில் தருவார்கள். போகும்போது மனசிருந்தால் வாசலில் உள்ள உண்டியலில் போட்டுவிட்டுப் போகலாம். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று பார்க்கக்கூடாது என்பதற்காகவே தாத்தாவின் மேசை உண்டியலுக்கு முதுகைக் காட்டிப் போடப்பட்டிருந்தது என்று அப்பா சொல்வார்.

எல்லாருக்கும் எல்லாக் கதவும் திறந்திருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். சத்திரம் ஒரு சமூகத்தாரின் தர்மம். உள்கட்டில் உட்கார்ந்து சாப்பிடும் உரிமை அவர்களுக்குத்தான் என்று ஒரு காலத்தில் இருந்தது. வேறு சிலர் திண்ணையோடு நின்றார்கள். திண்ணைக்கும் வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்கள் சரவணப் பொய்கைக் கரையிலும் மரத்தடியிலும் படுத்தார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளில் அந்தக் கோடுகள் பாதி அழிந்திருந்தன. மீதிப் பாதி இருந்தது. தர்மம் என்ற சொல்லுக்குள் அந்தக் காலம் எவ்வளவு கறாராக அளவு வைத்திருந்தது என்பதை மறைத்துவிட்டுச் சத்திரங்களைப் புகழ எனக்கு மனம் வராது.

பலகைக்கு வருகிறேன். மேலே ஆங்கிலம், கீழே தெலுங்கு. அவ்வளவுதான் முதலில் இருந்தது. திருத்தணி அப்போது ஆந்திரத்துக்காரர்கள் கையில். 1911இல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கியபோது எங்கள் ஊர் அதில் போய்ச் சேர்ந்தது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டத்தோடு ஊரும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் திருத்தணி கே.விநாயகமும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், ஊர்வலம், சிறை, பிறகு எல்லை பற்றிய படாஸ்கர் தீர்ப்பு என்று பல வருஷம் கழிந்து, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் அங்கேயே நின்றுவிட்டன.

பெயிண்டர் ஒருவர் ஏணி போட்டு ஏறிச் சத்திரப் பலகையில் தமிழ் எழுதிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. இடம் போதவில்லை. தெலுங்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த விரற்கடை அகலத்தில் 'சத்திரம்' என்று நெருக்கி எழுதினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் சர்க்கரைப் பொங்கல் வாங்கிவந்து கொடுத்தார். தாத்தா மட்டும் தெலுங்கு எழுத்தின் மேல் தூரிகை பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். "ஜனங்க ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வராங்கப்பா" என்பது அவர் சொன்ன ஒரே காரணம்.

தெலுங்கில் சத்திரமு, தமிழில் சத்திரம். மேலே இருந்த ஆங்கிலச் சொல் மட்டும் இரண்டோடும் ஒட்டவில்லை. பள்ளிக்கூடத்து அகராதியில் அது இல்லை. வாத்தியார் அதைச் 'சவுல்ட்ரி' என்று படிக்கச் சொல்லிக் கொடுத்தார், அது வெள்ளைக்காரன் சத்திரத்துக்கு வைத்த பெயர் என்றார். அந்த விளக்கம் எனக்கு ரொம்ப நாள் போதுமானதாக இருந்தது.

சென்னையில் வேலைக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போவேன். அங்கே ஒருநாள் 'ஹாப்சன் ஜாப்சன்' கையில் கிடைத்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் தங்கள் பேச்சில் சேர்த்துக்கொண்ட நம்மூர்ச் சொற்களுக்கென்றே போட்ட அகராதி அது. ஹென்றி யூல் என்ற ராணுவ இன்ஜினியரும், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த ஏ.சி.பர்னெலும் சேர்ந்து தொகுத்தார்கள். பர்னெல் 1882இல் இறந்துவிட்டார், புத்தகம் 1886இல் வந்தது. சவுல்ட்ரிக்கு அதில் தனிப் பதிவு இருக்கிறது. தென்னிந்தியாவுக்கே உரிய சொல், பிறப்பு உறுதியாகத் தெரியவில்லை என்று எச்சரிக்கையோடு தொடங்கி, மலையாளத்திலும் தெலுங்கிலும் உள்ள சாவடி என்ற சொல்லைக் காட்டுகிறார்கள். நாலு வழி கூடும் இடம் என்ற பொருளில் சமஸ்கிருதத்திலிருந்து வந்திருக்கலாம் என்றும் ஒரு யோசனை. வழிப்போக்கர் தங்கும் கூடம், ஊர்ப்பொதுக் காரியம் நடக்கும் கொட்டகை என்று இரண்டு பொருள் சொல்லிவிட்டு, அதற்கடுத்த வரியில் எனக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். சென்னையின் பழைய கம்பெனிப் பத்திரங்களில் 'சவுல்ட்ரி நீதிபதிகள்' என்று அடிக்கடி வருகிறதாம்.

அன்றிலிருந்து இந்தச் சொல் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் நின்று படிக்கத் தொடங்கினேன். செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழுந்த ஆரம்ப காலத்தில், கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் பட்டணத்தின் நியாய ஸ்தலம் ஒரு சாவடிதான். முதலில் உள்ளூர் அதிகாரி ஒருவர் அங்கே உட்கார்ந்து வழக்குக் கேட்டார். 1678இல் ஸ்ட்ரெய்ன்ஷம் மாஸ்டர் கவர்னராக இருந்தபோது அதை ஒழுங்குபடுத்தினார். கம்பெனி உத்தியோகஸ்தர்கள் வாரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து சின்ன வழக்குகளைத் தீர்த்தார்கள். அடிதடி, கடன், குடித்துவிட்டுக் கலாட்டா, எல்லாம் சவுல்ட்ரிக்குத்தான். சுங்கம் வசூலித்ததும் அங்கேதான். வீடு மனை விற்றால் அங்கே பதிவு. மனிதர்களை அடிமையாக விற்றாலும் அங்கே பதிவு.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் பேரேடுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதே பெயர் கொண்ட இரண்டு கட்டடங்கள். இரண்டிலும் ஒரு கணக்குப்பிள்ளை மேசை போட்டு உட்கார்ந்து, வந்தவர் பெயரையும் ஊரையும் எழுதுகிறார். ஒன்றில் எழுதினால் விறகும் பாத்திரமும் கிடைக்கும். இன்னொன்றில் எழுதினால் ஒரு பிள்ளை கப்பலேறிவிடும்.

ஊருக்குப் போனபோது தாத்தாவிடம் சொன்னேன், சவுல்ட்ரி என்றால் முதலில் கோர்ட்டாம் என்று. அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "சாவடின்னா அதுதானே?" என்றார். அவருடைய அம்மா பிறந்த ஊர் நகரிக்குப் பக்கத்தில். அங்கே ஊர் நடுவில் சாவடி. கரணம் அதில் உட்கார்ந்துதான் தீர்வை வாங்குவார், பெரியவர்கள் அதில் கூடித்தான் நியாயம் பேசுவார்கள், ராத்திரியில் ஊருக்கு வந்த வேற்றாள் அதில்தான் துண்டை விரித்துப் படுப்பான். "பகல்ல கச்சேரி, ராத்திரி சத்திரம். வேற வேறயா எதுக்குக் கட்டணும்?" நூலகத்தில் வாரக்கணக்கில் தேடி நான் சேர்த்ததை அவர் திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரு வாய் வெற்றிலைக்குள் சொல்லி முடித்துவிட்டார்.

அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் சாவடி போன ஊரெல்லாம் புரிகிறது. மராட்டியத்தில் சாவடி என்றால் கிராமக் கணக்கர் உட்காரும் இடம். எங்கள் தெருவிலிருந்து ஷீரடி போய்வருகிற தெலுங்குக் குடும்பங்கள், பாபா ஒருநாள் விட்டு ஒருநாள் படுத்த சாவடியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். தமிழில் ஊர்ச்சாவடி, மந்தைச்சாவடி, சுங்கச்சாவடி, காவல்சாவடி. எல்லாமே வந்தவரை நிறுத்தி, பெயரும் ஊரும் கேட்கிற இடம். கேட்டபின் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெரிய கட்டடங்களுக்கும் போய் ஒட்டிக்கொண்டது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, தையல்காரர்களும் பாத்திரக்காரர்களும் நிறைந்திருந்த புதுமண்டபத்தைத் 'திருமலை நாயக்கர் சவுல்ட்ரி' என்றுதான் வெள்ளைக்காரர்கள் எழுதினார்கள். ஆடம் பிளாக்கேடர் என்ற சர்ஜன் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைப்பற்றி லண்டனுக்கு எழுதி அனுப்பினார். கட்டடக்கலை வரலாறு எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசனும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார். சாமி வசந்தத்துக்கு எழுந்தருள நாயக்கர் கட்டிய மண்டபம் அது. தூண் இருந்து, சுவர் இல்லாமல், உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு அது சவுல்ட்ரி. சென்னையில் இன்றைய அண்ணா சாலைக்கு இருபுறமும் விரிந்திருந்த வெட்டவெளிக்கே 'சவுல்ட்ரி பிளெய்ன்' என்று பெயர். பிற்பாடு துரைமார்களின் தோட்ட வீடுகள் எழுந்தது அங்கேதான்.

சட்டத்திலும் ஏறியது. கோயில், மசூதி மானியங்களைக் கவனிக்கச் சென்னை ராஜதானியில் 1817இல் போட்ட ஏழாவது ரெகுலேஷனின் தலைப்பிலேயே பாலங்களோடு சவுல்ட்ரியும் சத்திரமும் வருகின்றன. அந்தத் தலைப்பைப் படித்தால் ஒன்று தெரிகிறது. பாலம் எப்படி ஊருக்குப் பொதுவோ அப்படிச் சத்திரமும் பொது என்று அன்றைய சர்க்கார் எடுத்துக்கொண்டிருக்கிறது.

தஞ்சாவூர்க் கதை இதைவிடப் பெரிது. ராமேசுவரம் போகும் பாதை நெடுக மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டி நிலம் எழுதிவைத்திருந்தார்கள். ராஜ்யத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகு, இரண்டாம் சரபோஜி 1801இல் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டை எடுத்துக்கொண்டீர்கள், சத்திரங்களை மட்டும் விட்டுவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அங்கே என்னென்ன நடக்கிறது என்று விவரமாகச் சொல்கிறார். எந்தச் சாதியில் வந்தாலும் சோறு. நடு ராத்திரியில் வந்தாலும் ஏதாவது கொடுத்துத்தான் படுக்க வைப்பார்கள். நோயாளிக்கு வைத்தியர், பச்சைக் குழந்தைக்குப் பால், பிரசவமானவளைப் பார்த்துக்கொள்ள ஆள், வழியில் செத்துப்போனவனுக்கு அவன் சாதி வழக்கப்படி அடக்கம். அடுத்த வருஷமே ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் என்ற பெண்ணின் பெயரில் பெரிய சத்திரம் எழுப்பினார். அரசாட்சி கையைவிட்டுப் போன ஒரு மனிதர் கடைசியாகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது இதைத்தான் என்பதை நினைத்தால், எந்தப் போர்க்களத்துக் கதையையும்விட எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

சென்னையிலேயே ஒரு சவுல்ட்ரி ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. அப்பாவை ஸ்டான்லியில் சேர்த்திருந்த சமயம். சென்ட்ரல் வாசலில் ஆட்டோ பேசியபோது டிரைவர், வயதானவர், "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியா? குந்துங்க" என்றார். வடசென்னையில் அதுதான் பெயர். ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது சுற்றுப்புற கிராமத்து ஜனங்கள் உயிர் பிழைக்கச் சென்னைக்குள் ஓடிவந்தார்கள், பஞ்சம் பிடித்தது. 1782இல் ஒரு மணியக்காரர் அங்கே கஞ்சி ஊற்றத் தொடங்கினார். அந்த இடம் மணியக்காரர் சத்திரம். ஆங்கிலத்தில் 'மோனிகர் சவுல்ட்ரி'. பசியோடு வந்தவர்களில் நோயோடு வந்தவர்களும் இருந்தார்கள் அல்லவா? 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அதையொட்டி ஏழைகளுக்கு ஒரு வைத்தியசாலை ஆரம்பித்தார். அது வளர்ந்து வளர்ந்து ராயபுரம் ஆஸ்பத்திரி ஆகி, 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. கவர்னர் பெயர் வாசலில் இருக்கிறது, கஞ்சித்தொட்டி ஜனங்கள் வாயில் இருக்கிறது. அப்பா அந்த வார்டில் படுத்திருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். "அப்போ நாம சத்திரத்துக்குத்தான் வந்திருக்கோம்" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அதை எடுத்துச் சொன்னார்.

இனி எங்கள் சத்திரம் கல்யாணத்துக்குத் திரும்பிய கதை. எங்கள் சின்ன வயதில் கல்யாணம் என்றால் வீட்டு வாசலில் பந்தல். தெருவை அடைத்துத் தென்னங்கீற்று வேய்வார்கள். திருத்தணியில் இன்னொரு வழக்கமும் உண்டு. மலைமேல் சாமி சந்நிதியில் தாலி கட்டிக்கொள்கிறோம் என்று நேர்ந்துகொள்வார்கள். முகூர்த்த நாளில் மலைக்கோயிலில் ஜோடி ஜோடியாக மாலையோடு நிற்பார்கள், இன்றைக்கும் அப்படித்தான். தாலி மேலே கட்டியாயிற்று. கீழே இறங்கினால் சாப்பாடு எங்கே போடுவது? வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே வீடு ஏது? அடிவாரத்தில் அடுப்பும் கிணறும் கூடமும் இருந்த இடம் சத்திரம்தான்.

ஆரம்பத்தில் அதுவும் தர்மத்தோடு தர்மமாக நடந்தது. எங்கள் அத்தை கல்யாணச் சாப்பாடு அங்கேதான். ஒரு பக்கத் தாழ்வாரத்தில் எங்கள் பந்தி, எதிர்ப் பக்கத்தில் மொட்டையடித்த குழந்தைகளோடு யாரோ ஒரு குடும்பம். அவர்களுக்கும் இலை போட்டோம். அது விருந்தோம்பல் என்றுகூட யாரும் நினைக்கவில்லை. கண் எதிரே உட்கார்ந்திருப்பவர்களை விட்டுவிட்டு எப்படிப் பரிமாறுவது?

பிறகு கேட்டு வருகிறவர்கள் அதிகமானார்கள். சென்னையில் இருந்த தர்மகர்த்தாக்கள் கூடிப் பேசினார்கள். கூரை ஒழுகுகிறது, மானிய நிலத்திலிருந்து குத்தகை சரியாக வருவதில்லை, கல்யாணத்துக்கு வாடகை வாங்கினால் பழுது பார்க்கலாம். நியாயமான காரணங்கள்தான். அடுத்த முறை தாத்தா பேரேடு தைத்தபோது ஐந்து பத்தி ஆறாயிற்று. கடைசிப் பத்தியின் தலைப்பில் 'ரூ.' என்று எழுதினார். அவர் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. முகூர்த்த நாட்களில் யாத்திரைக்காரர்கள் வந்தால் மட்டும் எழுந்து வாசல்வரை போய், இன்னொரு சத்திரத்துக்கு வழி சொல்லி அனுப்புவார். நாளடைவில் முகூர்த்தம் இல்லாத நாளிலும் கதவைப் பூட்டிவைக்கும் பழக்கம் வந்தது. பந்தல் கீற்றுத் தீப்பிடிக்கும் என்றும் தெருவை அடைக்கக்கூடாது என்றும் ஆன பிறகு, எல்லா ஊரிலும் கல்யாணங்கள் மண்டபத்துக்குப் போயின. பஸ் வசதி பெருகிவிட்டது. சென்னையிலிருந்து மின்சார ரயிலே திருத்தணிவரை வருகிறது. காலையில் வந்து சாமி பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறவருக்குச் சத்திரம் எதற்கு?

இப்போது அந்த இடத்தில் மாடி வைத்த கல்யாண மண்டபம் நிற்கிறது. ஏசி, லிஃப்ட், மணமகன் அறை, மணமகள் அறை. பலகையில் மண்டபம் என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் சவுல்ட்ரி என்று பேச்சில் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பெங்களூரில் அப்படியில்லை. அங்கே சவுல்ட்ரி என்றாலே கல்யாண மண்டபம்தான். "எந்த சவுல்ட்ரி புக் பண்ணியிருக்கீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். பெரியப்பா வீட்டுப் பேத்தி கல்யாணத்துக்குப் போனேன். பெரிய இடம், நல்ல உபசாரம். வாசலில் செக்யூரிட்டி நின்று பத்திரிகை இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விட்டார். அவர் வேலையை அவர் செய்கிறார். முன்பின் தெரியாதவனுக்காகக் கட்டிய கட்டடத்தின் பெயர், இன்றைக்கு அழைப்பில்லாதவன் நுழையமுடியாத இடத்துக்குப் பெயராக இருக்கிறது. ஒரு சொல் இத்தனை தூரம் போகும் என்று நான் நினைத்ததில்லை. எனக்கு அது வருத்தம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

சாவடி என்ற சொல்லுக்கும் தங்கும் பொருள் போய்விட்டது. வாக்குச்சாவடி, சுங்கச்சாவடி, சோதனைச்சாவடி. திருத்தணியிலிருந்து திருப்பதி போகும் சாலையில் பொன்பாடியில் மாநில எல்லைச் சோதனைச்சாவடி இருக்கிறது. ஒரு காலத்தில் நகரிக்காரர்கள் நடந்தே கடந்து வந்த அதே வழி. கம்பெனிக் காலத்துச் சாவடியின் வேலைதான், நிறுத்திக் கேட்கிறார்கள்.

ஆனாலும் திருத்தணிக்கு ஒரு விசேஷம் உண்டு. எங்கள் ஊருக்குப் பெருங்கூட்டம் வரும் காலம் இரண்டு. ஒன்று ஆடிக் கிருத்திகை. மலையடிவாரமே மஞ்சளாகிவிடும், சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம். இன்னொன்று டிசம்பர் 31. ஆங்கில வருஷப் பிறப்பன்று ஜனங்கள் வெள்ளைக்காரத் துரைகளைப் பார்த்து எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிடு போடுவதைக் கண்ட வள்ளிமலை சுவாமிகள், துரைக்கெல்லாம் துரையான தணிகை முருகனைப் பார்ப்போம் என்று சொல்லி, 1917 டிசம்பர் 31 இரவு படித்திருவிழாவைத் தொடங்கினார். 365 படி, வருஷத்து நாளுக்கு ஒன்றாக. படிக்கு ஒரு திருப்புகழ் பாடி, படிக்குப் படி கற்பூரம் ஏற்றிக்கொண்டு மேலே போவார்கள். பஜனைக் கோஷ்டிகள் இன்றைக்கும் எங்கெங்கிருந்தோ வருகின்றன.

கிருத்திகை வருவது ஆடியில். படித்திருவிழா வருவது மார்கழியில். இரண்டு மாதத்திலும் நம் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே ஊரில் உள்ள கல்யாண மண்டபங்களெல்லாம் காலியாகக் கிடக்கிற சமயத்தில்தான் வெளியூர் ஜனம் வந்து இறங்குகிறது. போன ஆடியில் அந்த மாடி மண்டபத்துக்குப் போயிருந்தேன். பலமனேர் பக்கத்திலிருந்து ஒரு காவடிக் கோஷ்டி இறங்கியிருந்தது. மணமக்கள் உட்காரும் சிவப்பு சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு மேடை நெடுகக் காவடிகளைச் சாத்தியிருந்தார்கள். பந்தி போடும் கூடத்தில் பாய் விரித்துக் குழந்தைகள் தூங்கின. பின்பக்கம் கேஸ் அடுப்பில் இரண்டு பெண்கள் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து வராத இன்னொரு குடும்பமும் ஒரு மூலையில் மூட்டையை இறக்கியிருந்தது, எங்கும் இடம் கிடைக்கவில்லையாம்.

மேனேஜர் சின்னப் பையன், வந்து இரண்டு வருஷம் இருக்கும். கோஷ்டியின் பெரியவர் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தெலுங்கில் கேட்டார். அவனும் தெலுங்கிலேயே பதில் சொன்னான்: ஆடியில் வாடகை கிடையாது, முதலாளி சொல்லியிருக்கிறார், கரண்ட் பில்லுக்கும் பெருக்கித் துடைக்கிற அம்மாவுக்கும் மட்டும் கொடுத்துவிடுங்கள். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"ஐயா, அந்த மூலையில இருக்கறவங்க எத்தன பேருன்னு ஒரு வார்த்த கேட்டு சொல்றீங்களா? சாயங்காலத்துக்குத் தண்ணி லாரி சொல்லணும்."

ஏழு பேர். குடியாத்தம். கேட்டுவந்து சொன்னேன்.